பந்தலுக்கு மட்டும்

கடத்தூரில் இறங்கி ரேடியோ செட்டுக்காரர் வீடு எது என்று கேளுங்கள். டீக்கடைக்காரர் கை காட்டுவார், பால் ஊற்ற வந்தவர் கை காட்டுவார், எனக்கு ஆகாதவர்கள்கூடக் கை காட்டுவார்கள். மேலே வீடு, கீழே குடோன். குடோனில் ஆள் உயரப் பாக்ஸ்கள், டெம்போவில் ஏற்றுகிற ஜெனரேட்டர், எல்இடி திரை, பல கேமராக்களை ஒன்றாக ஓட்டும் மிக்ஸர், சாமியானா, நாற்காலி, பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டி. இதில் ஒன்றுகூட அப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை. அவர் வைத்துவிட்டுப் போனது மேட்டங்காட்டில் கல் நிறைந்த ஒரு துண்டு நிலமும், அதன்மேல் பங்காளி போட்ட ஒரு வழக்கும்தான்.

நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. அடுத்தவர் செட்டில் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து புளியமரத்தில் ஏறிக் கட்டினவன். கரண்ட் அடித்துக் கீழே விழுந்ததில் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அந்தக் கையோடுதான் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வேலை கற்றேன். இந்த வட்டாரத்துக்கு முதலில் ஜெனரேட்டர் கொண்டுவந்தவன் நான். பெங்களூருக்குப் பிழைக்கப் போனவர்கள் ஊர்க் கல்யாணத்தைச் செல்போனிலேயே பார்க்கும்படி முதலில் லைவ் விட்டவனும் நான். இன்று காரிமங்கலம் வரைக்கும் செட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் குடோனில் வயர் சுற்றினவர்கள். கேட்டுப் பாருங்கள், ஒருத்தனும் சொல்லமாட்டான்.

இவ்வளவையும் கட்டிய நான் ஒரே ஓர் ஆளிடம்தான் பதில் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். சாவு வீடுகளில் மைக் பிடித்து ஒப்பாரி பாடுகிற பெண் அவர். அவரைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன், நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பேர் போடமாட்டேன். உயிரோடு இருந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேன். இப்போது கேட்க வழியில்லை. கேட்காமல் போட்டால் அவருக்குப் பிடிக்காது என்பது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பார்த்தது ஒரு பெரியவர் சாவில். பாடுகிறவர்கள் வந்தால் மைக்கைப் பிடுங்கி ஊதிப் பார்ப்பார்கள், தட்டுவார்கள், "அலோ அலோ" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். இவர் மைக்குக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கறுத்த, ஒல்லியான உடம்பு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர்.

"அண்ணா, இதுல பாடட்டுங்களா?"

"பாடறதுக்குத்தானம்மா வெச்சிருக்கு."

"இல்லீங்க, உங்க பொருளு. எச்சில் படும்."

எத்தனையோ வருசமாக மைக் வைக்கிறேன். மைக்கில் எச்சில் படும் என்பதற்காக என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் "பாடும்மா" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் தொட்டார்.

எதற்கும் கேட்பார். பல் விளக்க வேப்பங்குச்சி ஒடிக்க மரத்துக்காரரைக் கேட்பார். டெம்போவில் முன் சீட்டு காலியாக இருந்தாலும், "உக்காரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். சில ஊர்களில் சில வீடுகள் அவரை வாசல் தாண்ட விட்டதில்லை, அந்தப் பயத்தில் வந்த பழக்கம் இது என்று என் சம்சாரம் சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்தில் கேட்கிறவர்கள் 'வேண்டாம்' என்று பதில் வந்தால் முகம் சுண்டிப் போவார்கள். இவர், "சரிங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்புவார். கேட்டதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அவர் தொழில் செய்கிற விதமே அப்படித்தான். மற்றவர்கள் வந்ததும் செத்தவர் பேர், பிள்ளைகள் பேர், மருமக்கள் பேர் என்று விசாரித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். இவர் செத்தவருக்கு நெருக்கமான பெண் யாரோ அவர் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மெதுவாகக் கேட்பார். கடைசியில், "பாடட்டுங்களா?" என்பார். அந்தப் பெண் தலையாட்டாத வரைக்கும் பாட்டு இல்லை. மேளக்காரர்கள் காத்திருப்பார்கள். நான் மிக்ஸரில் கை வைத்துக் காத்திருப்பேன்.

ஒரு வீட்டில் மூத்த மகன் வந்து, "சின்ன வூட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது" என்றான். செத்தவருக்கு இரண்டாவது சம்சாரம் ஒருவர் உண்டு. ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவர் மகனுக்குச் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நேரே அங்கே போனார். நான் வயர் இழுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"உங்களைச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு எப்படிங்க? கேக்காம விட்டா நல்லா இருக்காதுன்னு வந்தன்."

அந்த அம்மாள் பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "என் பேரு வேண்டாம் கண்ணு. வெடிச்ச கால்ல வெளக்கெண்ணெ போட்டுவிட ஆளு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

இவர் திரும்பப் போய் மூத்த மகனிடம் அதற்கும் அனுமதி கேட்டார். எண்ணெய்தானே என்று அவனும் சரி என்றான். பாட்டில் அந்த இடம் வந்தபோது பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவனைக் கேட்டுத்தானே பாடினார்!

என்னையும் விட்டதில்லை. என் பதிவை எவனும் திருடக் கூடாது என்று, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் என் குரலிலேயே, "ஒலியும் ஒளியும், கடத்தூர் ரேடியோ செட்டுக்காரர்" என்று பேசி வைப்பேன். ஒருநாள் பந்தலில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. செத்தவங்க பேருக்கு முன்னாடி உங்க பேரு வருதுங்க."

"வந்தா என்ன?"

"இல்லீங்க, கேக்கறவங்க செத்தது நீங்கன்னு நெனச்சுக்குவாங்களேன்னுதான்."

பந்தலே சிரித்தது. சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பேரைக் கடைசிக்கு மாற்றினேன். என் பேரை என் பதிவில் இடம் மாற்றவைத்த ஒரே ஆள் அவர்தான்.

யூடியூப்பில் நான் சேனல் தொடங்கினபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சரி என்றால்தான் போட வேண்டும். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் போடக் கூடாது. ஒரு வீட்டில் மகன்கள் எல்லாரும் போடச் சொன்னார்கள். பேத்தி ஒருத்தி, ஒன்பதாவது படிக்கிற பெண், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அந்தப் பாப்பா வேண்டாங்குதுங்க" என்று இவர் முடித்துவிட்டார். அந்தப் பாட்டு அவர் பாடியதிலேயே நல்ல பாட்டு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு தடவை, இளவட்டங்கள் கெஞ்சினார்கள் என்று ஒரு சினிமாப் பாட்டு மெட்டில் ஒப்பாரி வைத்தார். வீட்டாரைக் கேட்டேன், சரி என்றார்கள், போட்டேன். மறுநாளே சத்தம் இல்லாமல் படம் மட்டும் ஓடியது. கேட்டால், பாட்டுக் கம்பெனி உரிமை கேட்டிருக்கிறதாம். நான் குதித்தேன். "எழவு வூட்ல பாடினதுக்குமா உரிமை?" என்று கத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அவங்க மெட்டுதானுங்களே அண்ணா. வூட்டுக்காரங்களக் கேட்டோம். மெட்டுக்காரங்களக் கேக்கலயே."

எனக்கு எரிச்சலாக வந்தது. என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால் கம்பெனி பக்கம் பேசுகிறார். அதற்குப் பிறகு அவர் சினிமா மெட்டுத் தொட்டதில்லை.

அவருடைய ஆத்தா செத்தபோது நான் செட் கொண்டுபோனேன். வாடகை வாங்கவில்லை, அதையும் சொல்லிக்கொள்கிறேன். ஊரெல்லாம் எதிர்பார்த்தது, இவர் இன்றைக்கு எப்படிப் பாடப்போகிறார் என்று. மைக்கை முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தார்.

"பாடும்மா" என்றேன்.

"யாரைங்க கேக்கறது? சரின்னு சொல்ல வேண்டியவங்க பெட்டிக்குள்ள இருக்காங்க."

பாடவே இல்லை. ஃப்ரீசர் பெட்டி ஓடுகிற சத்தம்தான் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. நானே போய் மைக்கை அணைத்தேன்.

இனி சொல்லப்போவது வேறொரு வீட்டில் நடந்தது, அந்த வீட்டுத் தாயிடம் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஊரு பேரு ஆளு பேரு வேண்டாம், அந்த வார்த்தை வேண்டாம்" என்றார். அப்படியே செய்கிறேன்.

கல்யாணமாகிப் போன ஒரு பெண், புருசன் வீட்டில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். பிரேதத்தைத் தாய் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். தாய் அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடுகிறவர் வழக்கம்போலப் போய்ப் பக்கத்தில் குந்தினார். நான் அங்கேதான் பிளக் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அவ கடைசியா எனக்குத்தான் போன் பண்ணா" என்றார் தாய். "வூட்டுக்கு வந்துடறன்னு சொன்னா. நான் என்ன சொன்னன் தெரியுமா?"

"தெரியாதுங்க."

தாய் சொன்னார். இந்த மாவட்டத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்தத் தாயும் என்றைக்காவது சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் அது. வராதே என்கிற பதில். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

"அதைப் பாடு."

"ஆத்தா, வேண்டாங்க. நாளைக்கு உங்க மனசு வேற மாதிரி ஆகும்."

"என் வாயில வரமாட்டேங்குது. நீ சொல்லு. இங்க உக்காந்திருக்கற பொம்பளைங்க அல்லாரும் பொண்ணு பெத்தவங்கதான். இவங்களுக்கும் நாளைக்கு போன் வருமில்ல? கேக்கட்டும்."

"இந்தப் பந்தலுக்கு மட்டுங்களா?"

"பந்தலுக்கு மட்டும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, கேட்டீங்களா? வெளிக் குழாயை அமத்திடுங்க."

தெருவில் கட்டியிருந்த குழாய்களை அணைத்தேன். பந்தலுக்குள் ஒரே ஒரு பாக்ஸ் மட்டும், அதுவும் சத்தம் குறைத்து. பட்டாளத்தில் இருக்கிற சின்ன மகனால் வர முடியவில்லை, அவன் ஒருவன் கேட்க வேண்டும் என்று தாய் சொன்னதால் கேமரா ஓடியது. அவர் பாடினார். நான் எத்தனையோ சாவு பார்த்தவன். அன்றைக்கு அந்தப் பெண்கள் அழுத மாதிரி பார்த்ததில்லை. அழுகையில் பாதி பயம். சிலர் பந்தலை விட்டு வெளியே போய்த் தங்கள் பெண்களுக்குப் போன் போட்டதை நானே பார்த்தேன். பென் டிரைவைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். யாரோ ஒருவன் சேனலில் அது வந்துவிட்டது. தாயின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. 'பெற்ற தாய் இப்படிச் சொல்லலாமா' என்று தலைப்பு. கடைசியில் இருந்த என் குரலை வெட்டியிருந்தான். லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தவற்றை என் மருமகள் படித்துக் காட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். முக்கால்வாசி அந்தத் தாயைத் திட்டித்தான்.

பாடுகிறவர் குடோன் வாசலில் வந்து நின்றார். "உள்ள வரட்டுங்களா?"

"வாம்மா. நான் போடலம்மா, சத்தியமா."

"தெரியுங்க. யாரு போட்டதுன்னு கேக்க வரல. எடுக்க முடியுங்களா?"

என் மருமகள் பி.காம். படித்தவள். கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"மாமா, இது யாருக்குச் சொந்தம்னு கேக்குது. சொந்தக்காரங்கதான் எடுக்கச் சொல்ல முடியும்."

"எனக்குத்தான் சொந்தம். ஒயரு என்னுது, மிக்ஸர் என்னுது."

"பாடினவங்க அவங்க மாமா."

பாடினவர் தலையை ஆட்டினார். "வாயிதானுங்க என்னுது. வார்த்தை அந்த ஆத்தாளுது."

"அப்பறம் இன்னொண்ணு மாமா. எடுத்ததுக்கு அப்பறம் அந்த எடத்துல, யாரு கேட்டு எடுத்தாங்கன்னு பேரு வரும். எல்லாருக்கும் தெரியும்."

 பாடுகிறவர் சொன்னார்: "அந்த ஆத்தாளப் போய்க் கேட்டுட்டு வந்துடலாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுக்கறதுக்குமா கேக்கணும்? எவனோ திருடிப் போட்டிருக்கான்!"

"போட்டவனும் கேக்கலீங்க. எடுக்கற நாமளும் கேக்கலீன்னா எப்படிங்க?"

டெம்போவிலேயே கூட்டிக்கொண்டு போனேன். தாய் ஆளே பாதியாகிப் போயிருந்தார். தருமபுரிக்கு பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் ஒரு பெண் செல்லில் அதைக் கேட்டுக்கொண்டு வந்ததாம். தன்னோடு ஒட்டி உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமலே, "எப்படிப்பட்ட பொம்பளை பாருங்க" என்று இவரிடமே காட்டியதாம். வழியிலேயே இறங்கி, வெயிலில் நடந்து வீடு வந்தவர், அதற்குப் பிறகு வெளியே போகவில்லை.

"எடுத்துடுங்க" என்றார். "என் பேரு வேண்டாம். பாடின பொண்ணு பேரும் வேண்டாம். யாரு வெளிய வுட்டதுன்னும் பேசாதீங்க. எங்க சொந்தக்காரப் பையன்தான். பட்டாளத்துல இருக்கறவனுக்கு அனுப்பறன்னு வாங்கினான், சொந்தக்காரங்க குரூப்புலயும் போட்டுட்டான். அவனும் அழுதுக்கிட்டேதான் போட்டான். தெரிஞ்சா அவங்கப்பன் அவனை வெட்டிப்புடுவான்." யார் என்று பேரும் சொன்னார், அதை இங்கே போடமாட்டேன்.

"சொல்லமாட்டங்க" என்றார் பாடுகிறவர். அவர் சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மிஞ்சியது என் பேர். "என் பேரைப் போடு" என்று மருமகளிடம் சொன்னேன். ஒலிப்பதிவு என்னுடையது, பாடியவரும் வீட்டாரும் வெளியிட அனுமதி தரவில்லை என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதி அனுப்பினாள். வீடியோ போய்விட்டது.

உடனே அந்தச் சேனல்காரன் போன் செய்தான். எந்த ஊர்க்காரனோ, குரல் பனங்கற்கண்டு மாதிரி இருந்தது.

"ஐயா, வணக்கங்கய்யா. புகார் குடுத்து என் சேனலுக்கு ஸ்ட்ரைக் அடிச்சிட்டீங்களே. வாபஸ் வாங்கிடுங்க. உங்க செட்டு பேரை டைட்டில்லயே போடறேன். உங்க போட்டோ போட்டு, ஒலிப்பதிவு ஐயான்னு பெருசா போடறேன்."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக இந்த வார்த்தையை யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினவன் நான். திருவிழாவில் விடியவிடியச் செட் ஓட்டியிருக்கிறேன். நன்றி சொல்கிறவர்கள் பால் கொடுத்தவர் வரைக்கும் சொல்லிவிட்டு என் மைக்கிலேயே என் பேரை விட்டுவிடுவார்கள். இவன் லட்சம் பேர் பார்க்கிற இடத்தில் என் பேரையும் முகத்தையும் போடுகிறேன் என்கிறான். பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

"அது பந்தலுக்கு மட்டும்னு பாடினது தம்பி" என்றேன்.

"ஐயா, இது சமூகத்துக்கு விழிப்புணர்வுங்கய்யா."

"மொதல்ல உங்கம்மா உனக்குச் சொன்னதை வட்டம் போட்டு அம்புக்குறி போட்டுப் போடு. ஊரு முழிச்சுக்குதான்னு பாத்துட்டு அப்பறம் எனக்குப் போன் பண்ணு."

வைத்துவிட்டான். அவனைப் பார்த்து வேறு சிலரும் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுக்க வைத்தேன். மருமகள் அலுத்துக்கொண்டாள். விடவில்லை நான்.

நான் நினைத்துப் பார்க்காத கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. எடுத்த இடத்தில் ஒரு கறுத்த கட்டம். அதில் இங்கிலீஷில் இரண்டு வரி. நடுவில் என் செட்டு பேர். பழைய லிங்க்கை வைத்திருந்தவர்கள் திறந்து பார்த்தார்கள். இங்கிலீஷ் யாருக்குப் புரிந்தது? என் பேர் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. கடத்தூர் டீக்கடையில் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"என்னா செட்டுக்காரரே, யூடியூப்காரனே உன்னைப் புடிச்சுப் பேரோட போர்டு மாட்டிட்டானாமே?"

திருடனைப் பிடித்தால் ஸ்டேசனில் போட்டோ ஒட்டுவார்களே, அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். போட்டது நான், மாட்டிக்கொண்டது நான், கூட இருந்தது பாடுகிறவர் என்று. மருமகளைக் கூட்டிவந்து படித்துக் காட்டினேன். "உங்க மருமவ உங்களுக்குத் தோதாத்தான் படிக்கும்" என்றார்கள். அப்படியானால் யார் போட்டது என்று கேட்டார்கள். அதைத்தான் சொல்லமாட்டோம் என்று அந்தத் தாயிடம் ஒப்புக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கல்யாணம் இருந்தது, காதுகுத்து இருந்தது, கோயில் இருந்தது. சாவு வீடுகள் நின்றன, அவ்வளவுதான். அவருக்குச் சாவு வீட்டை விட்டால் வேறு என்ன இருந்தது? "அவளக் கூப்பிட்டா நம்ம வூட்டு விசயம் செல்லுக்கு வந்துரும்" என்று ஊர் ஊராகப் பேச்சு. வீட்டு விசயத்தைக் கேட்காமல் ஒரு வரி பாடாத மனுஷியைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள். எதையெல்லாம் பாடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாரே, விசயத்தைக் கறக்கத்தான் அப்படிக் கேட்டாள் என்றும் சொன்னார்கள்.

தக்காளி மண்டியில் பழம் பொறுக்குகிற வேலைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தேன்.

"அந்தப் பையன் பேரைச் சொல்லிடறன்மா. என்னால தாங்க முடியல."

"வேண்டாங்கண்ணா. கேட்டோம், வேண்டாம்னுட்டாங்க."

"இன்னொருக்கா போய்க் கேக்கலாமே!"

"ஒருக்கா வேண்டாம்னதை மறுக்கா மறுக்கா கேட்டா, அது கேக்கறதுங்களா?"

நான் கத்தினேன். மண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் அழுகின பழத்தை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டேயிருந்தார். எத்தனையோ பேரிடம் சண்டை போட்டு ஜெயித்தவன் நான். அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சிறுநீரகம் கெட்டு அவர் தருமபுரி பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அண்ணா, உங்க பேரை அங்க போட்டமே. அன்னிக்கு உங்களை ஒரு வார்த்தை கேட்டமாங்க? எனக்கு ஞாபகமே இல்ல."

"என் பேரை நான்தானம்மா போட்டன்."

"அப்ப சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே நிம்மதியானது போலத்தான் முகம் இருந்தது. நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

அவர் சாவுக்கு நான்தான் செட் வைத்தேன். கூப்பிடுவதை நிறுத்திய ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கொரு செல்லைத் தூக்கிப் பிடித்து லைவ் விட்டார்கள். அவருடைய மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கையை விலக்கச் சொல்லி ஒருவன் சைகை காட்டினான்.

இப்போது சில தம்பிகள் சேர்ந்து அவர் பேரில் சேனல் தொடங்கப்போகிறார்களாம். என் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற அவர் பாட்டெல்லாம் வேண்டுமாம். அதோடு, அந்தப் பெண்ணுக்குப் பாடின பாட்டையும் திரும்பப் போட வேண்டுமாம், அதுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்த பாட்டாம், நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். அந்தத் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார். வாரச் சந்தைக்குப் போக இப்போதுதான் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்.

அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன். அந்தப் பாட்டு கிடையாது. நான் இருக்கும்வரை கிடையாது, எனக்குப் பிறகு என் மருமகளிடம் கேட்டாலும் கிடையாது. மற்ற பாட்டுகளுக்கு, அவருடைய மகளைக் கேளுங்கள், பாடின ஒவ்வொரு வீட்டையும் போய்க் கேளுங்கள். சரி என்ற வீட்டுப் பாட்டை நானே தருகிறேன், காசு வேண்டாம்.

ஆனால் என் பங்கை விடமாட்டேன். சும்மா எதையும் விட்டுக்கொடுத்து நான் இந்த இடத்துக்கு வரவில்லை. உங்கள் சேனலில், நல்ல தமிழில், மூன்றாம் வகுப்புப் படித்தவனும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் இரண்டு வரி போட வேண்டும். பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தவர் கடத்தூர் ரேடியோ செட்டுக்காரர் என்று ஒரு வரி. பந்தலை விட்டு வெளியே போன பாட்டை எடுக்கச் சொன்னவரும் அவர்தான், அது வெளியே போனது அவராலும் இல்லை, பாடியவராலும் இல்லை என்று இன்னொரு வரி.

இடம் இல்லை என்றால் முதல் வரியை விட்டுவிடுங்கள். இரண்டாவது வரி வேண்டும்.